ஆறு வாளித் தண்ணீர்

அத்தியாயம் 14

நான்கு நாளில் தெருவுக்குள் நாற்பது கதைகள் முளைத்துவிட்டன.

சிலிண்டர் வெடித்தது என்றார் ஒருவர். மின்னல் இறங்கியது என்றார் இன்னொருவர், அதுவும் வெயில் மண்டையைப் பிளந்த திங்கட்கிழமைக் காலையில். கம்ப்யூட்டரே வெடித்துவிட்டது என்று மருந்துக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். கல்லாவை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குள் மட்டும் ஒரே கதைதான். தம்பி போட்ட வயர், அண்ணனுக்குப் போன கண்.

அண்ணன் மனைவியான தையல்காரி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கணவருக்கு மாற்றுச் சட்டை எடுக்க வேண்டும். மூன்று மணிக்கு டாக்டர் வந்து இடது கண்ணின் கட்டைப் பிரிப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

பீரோவைத் திறந்தவளுக்குப் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம். பட்டறையில் யார்?

யார் இருக்கப்போகிறார்கள், கொழுந்தன்தான்.

இந்தப் பட்டறையில்தான் ஏழு மாதம் மூன்று பேரும் ஒரு மேஜையைப் பெற்று வளர்த்தார்கள். அவள் கணவர் வெல்டர். பதினெட்டு வருஷமாகக் கையில் டார்ச் பிடித்து இரும்பு வெட்டியவர். ஆனால் கேட்டுக்கு ஒரே மாதிரி நாற்பது இரும்புப் பூ வேண்டும் என்றால், நாற்பதாவது பூ முதல் பூவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாகத் தகடு வெட்டும் மேஜை வைத்திருக்கும் பட்டறைகளுக்கு வேலை போய்க்கொண்டே இருந்தது.

"நாமளே செய்வோம்ணே" என்றான் தம்பி. அவனுக்கு வீட்டில் 'வயர்' என்றே பெயர். பழுதான எதையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை.

அண்ணன் இரும்புச் சட்டம் கட்டினார். இரண்டு பக்கமும் தண்டவாளம் போல ரெயில், அதன் மேல் நகரும் பாலம், பாலத்திலிருந்து தொங்கும் பிளாஸ்மா டார்ச். தம்பி மோட்டார்களையும் கம்ப்யூட்டரையும் இணைத்தான். படத்தில் என்ன கோடோ அதே கோட்டில் டார்ச்சின் நெருப்புக் கீற்று தகட்டைத் துணி போல அறுத்துக்கொண்டு போகும். கீழே தண்ணீர்த் தொட்டி. பொறியும் புகையும் உருகி விழும் உலோகமும் அதில் அடங்க வேண்டும்.

தகட்டில் எந்தத் துண்டை எங்கே அடுக்கினால் சேதாரம் குறையும் என்று பார்ப்பது தையல்காரியின் வேலை. சட்டைத் துணியில் கைக்குழி வளைவுக்குள் காலர் பட்டையைச் செருகி வெட்டுகிறவளுக்கு இது புதிதா என்ன?

முதல் நாள் வட்டம் வெட்டச் சொன்னார்கள். மேஜை முட்டை போட்டது.

"ஏழு மாசம் மூணு பேரும் அடைகாத்திருக்கீங்க. முட்டைகூடப் போடலைன்னா எப்படி?" என்றாள் அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்த அக்கா. வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. தம்பி ஒரு பக்கத்து பெல்ட்டை இறுக்கினான். மறுநாள் வட்டம் வட்டமாகவே வந்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் திங்கட்கிழமையோடு சரி.

பட்டறைக் கதவைத் தள்ளினாள். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். மேஜையின் வயர்கள் அத்தனையும் உருவப்பட்டு அவனைச் சுற்றி வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. மூலையில் அவனுடைய தோள்பை, ஜிப் போட்டு மூடித் தயாராக இருந்தது.

"எப்போ சாப்பிட்டே தம்பி?"

"நாலு தடவை பாத்துட்டேன் அண்ணி. எங்கயும் கருகலை. எர்த்துக் கம்பி சரியா இருக்கு. அண்ணன் சந்தேகப்பட்டாரே அந்தப் பழைய கேபிள், அதுவும் சுத்தமா இருக்கு."

"நான் கேட்டது சாப்பாட்டை."

"தப்பு எங்கன்னு கிடைச்சாப் போதும், நிம்மதியாப் போயிடுவேன். அஞ்சு மணி பஸ்ஸு."

"யாரு போகச் சொன்னா?"

"அக்காதான். அண்ணன் கோபம் அடங்குற வரைக்கும் கண் காணாம இருன்னாங்க. ஒரு ஃப்ரெண்டு மில்லுல எலக்ட்ரீஷியன் வேலை இருக்காம்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "ஒருத்தர் கண்ணைப் போக்கினவனுக்கு மில்லுல வேலை குடுக்கறாங்க பாருங்க."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டியின் பக்கம் திரும்பினாள்.

வெடித்த வேகத்தில் தொட்டித் தண்ணீரில் பாதி சுவரெல்லாம் தெறித்திருந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றது. அடியில் சாம்பல் நிறச் சேறு. சேற்றிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ மேலே ஏறி வந்து உடைந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஏன் சோடா மாதிரி பொங்குது?"

"என்னது?"

"இங்க பாரேன்."

தம்பி எழுந்து வந்து குனிந்தான். ஒரு கம்பியை எடுத்துச் சேற்றைக் கிளறினான். குமிழிகள் கும்பலாகக் கிளம்பின. அவன் கை அப்படியே நின்றது.

"அண்ணி, ஒரு கண்ணாடி பாட்டில் வேணும். வாய் அகலமா."

பொத்தான் பாட்டிலை எடுத்துவந்து பொத்தான்களைத் தையல் மேஜையில் கொட்டினாள். அவன் அதைத் தொட்டியில் அமுக்கித் தண்ணீர் நிரப்பி, தலைகீழாகக் குமிழிகளின் மேல் பிடித்தான். கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தான். பாட்டிலுக்குள் தண்ணீர் மெல்ல இறங்கியது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"தள்ளி நில்லுங்க."

பாட்டிலைக் கவிழ்த்தபடியே தூக்கி, வாயருகில் தீக்குச்சியைக் கொண்டுபோனான்.

டப்!

தையல்காரி இரண்டு அடி பின்னால் போய்விட்டாள்.

"ஹைட்ரஜன்" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. "அலுமினியப் பொடி தண்ணியில கிடந்தா இது வரும்னு எங்கயோ படிச்சிருக்கேன். படிச்சவன்தான் அண்ணி, இந்தத் தொட்டியில அலுமினியத்தை வெட்டுறப்ப ஞாபகம் வரலை! இரும்புல ஒண்ணும் ஆகாது. பத்து நாளா அந்த ஜன்னல் தகட்டு ஆர்டருக்கு அலுமினியமா வெட்டித் தள்ளினோமே, அந்தப் பொடி பூரா அடியில கிடக்கு."

"அப்போ உன் வயர்?"

"என் வயர் இல்ல அண்ணி." தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

அவன் தலையில் கை வைக்கப் போனாள். அதற்குள் அவன் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டியைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"ஆனா ஒண்ணு இடிக்குது. இது ரொம்ப லேசான வாயு. தண்ணிக்கும் தகட்டுக்கும் நாலு விரல் இடைவெளி விடுவோம் இல்லையா? வர்ற குமிழி அந்தச் சந்துல பறந்து போயிடும். தண்ணி தகட்டோட ஒட்டி நின்னாத்தான் போக வழியில்லாம அடியில சேரும்."

தொட்டியின் உள்பக்கம் விரலை ஓட்டினான். அண்ணன் பெயின்ட்டில் போட்டு வைத்திருந்த கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே, விளிம்பை ஒட்டி, இன்னொரு கறை. புதுக் கறை.

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

அவள் பார்வை குழாயடி வாளியின் மேல் போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் வெட்ட வேண்டிய தகட்டை மேஜையில் ஏற்றி வைத்துவிட்டுக் கணவர் இருமிக்கொண்டே குளிக்கப் போனார். பத்து நாள் இருமல். துணி வெட்டும்போது பஞ்சு பறந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வது அவள் வழக்கம். தண்ணீர் மேலே வந்தால் புகையும் அடங்கும்தானே? தகட்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் இருந்த சந்தில், குழாயடியிலிருந்து தூக்கி வந்து ஊற்றினாள். ஆறு வாளி. தகட்டின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் தொடும்வரை.

அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். ராத்திரி அசதியில் மறந்தது. காலையில் வெட்டத் தொடங்குமுன் அவர் காற்றுக் கம்ப்ரஸரை ஓட்டும் சத்தம் கேட்டபோது ஞாபகமும் வந்தது. அப்போது தையல் மிஷினில் இருந்தாள். காலர் ஒன்று பாதியில் நின்றது. வாயில் நான்கு குண்டூசி. அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

எதைப் பார்ப்பார்? தகடு தொட்டியை மூடிக்கொண்டு கிடக்க, அடியில் இருக்கும் தண்ணீரை யார் பார்ப்பார்?

"தம்பி..."

"இருங்க அண்ணி, புரிஞ்சிடுச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "அண்ணன்தான் ஊத்தியிருக்காரு. இருமலுக்குப் பயந்துக்கிட்டு ஊத்தியிருப்பாரு. அப்புறம் மறந்திருப்பாரு. வெடிச்ச அதிர்ச்சியில சுத்தமா மறந்தே போச்சு."

"இல்ல தம்பி, நான் சொல்றதை..."

"நீங்க அவருக்குச் சொல்லக் கூடாது. தன் கண்ணைத் தானே போக்கிக்கிட்டோம்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்குவாரா? இருக்கிற ஒரு கண்ணால அதை நினைச்சே அழுதுக்கிட்டிருப்பாரு. நான்தான்னு நினைச்சுத் திட்டட்டும். திட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்தா மனசு கொஞ்சம் லேசாகும்."

"நீ எதுக்குடா பழியைச் சுமக்கணும்?"

"எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, அண்ணி."

சொல்லிவிட்டுக் குனிந்து தொட்டியின் அடைப்பைத் திருகித் திறந்தான். சாம்பல் தண்ணீர் வாசல் சாக்கடையை நோக்கி ஓடியது. துணி ஒன்றை நனைத்து, விளிம்பை ஒட்டியிருந்த கறையை அழுத்தித் துடைத்தான்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஆறு வாளியைப் பற்றித் தெரிந்த ஒரே இடம் இனி அவள் நெஞ்சு மட்டும்தான்.

சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா வார்டு வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஃபிளாஸ்க். நான்கு நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

"சட்டை எடுக்கப் போனியா, தைச்சு எடுத்துக்கிட்டு வந்தியா? டாக்டர் உள்ள போயாச்சு, வா."

டாக்டர் சின்ன வயதுக்காரர். பேச்சு குறைவு. வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு, இடது கண்ணின் பஞ்சை மெதுவாக எடுத்தார். தையல்காரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை விரல்?"

"விரலைக் காட்டுங்க, சொல்றேன்" என்றார் வெல்டர்.

டாக்டரின் கை அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. மூன்று விரல்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் டார்ச் லைட்டை அடித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"வெளிச்சம் தெரியுதா?"

"அடிக்கிறீங்களா?"

டாக்டர் லைட்டை அணைத்தார். நெடுநேரம் ஏதோ எழுதினார். "வலது கண்ணை ரொம்பப் பத்திரமாப் பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். புதுப் பஞ்சு வைக்க நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் கட்டுப் போட்டு முடித்தாள். பிறகு வெல்டர் கையை நீட்டி மேஜை மேலிருந்த டம்ளரை எடுக்கப் போனார். விரல்கள் டம்ளருக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே மூடிக்கொண்டன. வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூரம் தெரியலை" என்றார். "டார்ச் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவுல ரெண்டு நூல் இடைவெளி இருக்கணும், கால் இஞ்சு. அதைப் பாத்துப் பாத்துத்தான் பதினெட்டு வருஷம் சோறு தின்னேன். டம்ளர் எங்கருக்குன்னே தெரியலை."

"எல்லாம் பழகிடும்டா" என்றாள் அக்கா.

"அவன் கிளம்பிட்டானா?"

"அஞ்சு மணிக்குப் பஸ்ஸு."

"போகட்டும். எத்தனை தடவை சொன்னேன், பழைய கேபிள் வேண்டாம்டான்னு. 'தற்காலிகமாத்தான்ணே'ன்னான். அவனுக்குத் தற்காலிகம், எனக்கு ஆயுசுக்கும்." பற்களைக் கடித்தார். "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லை. நான் செத்தாக்கூட அவன் வந்து தூக்கக் கூடாது. சொல்லிடுக்கா."

"அப்படியெல்லாம் பேசாதடா."

"சொல்லிடு."

தையல்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பஸ் கிளம்பிவிடும். இந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. அந்தக் கட்டுக்குள் இருக்கும் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு, டம்ளரைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, காலம் முழுக்க நல்ல மனைவியாக இருந்துவிடலாம்.

"வயர்ல தப்பில்லைங்க" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

குமிழிகளைப் பற்றிச் சொன்னாள். பொத்தான் பாட்டிலைப் பற்றியும். வெல்டர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். வேலை விஷயம் என்றால் வலிகூட அவருக்கு அப்புறம்தான்.

"குச்சி காட்டினதும் பத்திக்கிச்சா?"

"டப்புன்னு பத்திக்கிச்சு."

"அலுமினியம்..." தலையை ஆட்டினார். "ஆனா அது அடியில தங்கியிருக்காதே. தண்ணி ஒட்டி நின்னாத்தான் தங்கும். நான் நாலு விரல் விட்டேனே."

"நீங்கதான் தண்ணி ஊத்திட்டு மறந்துட்டீங்கன்னு தம்பி நினைக்கிறான். உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்களாம். அதான் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு ஊரை விட்டுப் போறான்."

"நான் எங்க ஊத்தினேன்?"

"நீங்க ஊத்தலை." கட்டில் கம்பியை விட்டுவிட்டாள். எதையும் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. "நான் ஊத்தினேன்."

அக்கா கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"எவ்வளவு?" என்றார் வெல்டர்.

"ஆறு வாளி."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. நீங்க குளிக்கப் போனப்போ."

"எதுக்கு?"

"நீங்க இருமினீங்க. புகை குறையும்னு நினைச்சேன்."

அவர் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"காலைல நான் கம்ப்ரஸர் போட்டேனே. கேட்டுதா?"

"கேட்டுது."

"அப்போ ஞாபகம் இருந்துதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். அக்காவே கண்ணால் கெஞ்சினாள், இல்லைன்னு சொல்லேன்டி என்று.

"இருந்துது."

"பத்து அடி. எழுந்து வந்து ஒரு வார்த்தை..."

வாயில் குண்டூசி இருந்தது என்று சொல்லலாமா? சொன்னால் அது ஒரு காரணமா? அவள் சொல்லவில்லை.

வெல்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். "அக்கா, அவனுக்குப் போன் போடு. என்கிட்ட குடு."

தையல்காரி வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. அழவேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

நேரம் போனது. அக்கா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாற்றுச் சட்டைகள் கொண்டுவந்த துணிப்பையைக் காலியாக்கி மடித்து அவள் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு நான் இருந்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

"நீங்களாவே சொல்றீங்களா அக்கா?"

"அவன் சொல்லச் சொன்னான்."

"நாளைக்கு?"

அக்கா தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கேக்கலைம்மா. கேக்கத் தைரியம் வரலை."

தையல்காரி எழுந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கியிருப்பாள், கீழேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். தோள்பை முதுகில் குதித்தது. முகத்தில் நான்கு நாளாகக் காணாத வெளிச்சம்.

"அண்ணனே பேசினாரு அண்ணி! 'வாடா'ன்னு ஒரே வார்த்தை. பஸ்ஸுல உக்காந்துட்டேன், இறங்கி ஓடி வரேன். என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நடந்ததைச் சொன்னேன்."

வெளிச்சம் அணைந்தது. "ஐயோ. அவர்தான் ஊத்தினாருன்னு சொல்லிட்டீங்களா? நான் அவ்வளவு கெஞ்சினேனே!"

"அவர் ஊத்தலை தம்பி. யார் ஊத்தினாங்கன்னு சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பட்டறையில் அவன் துடைத்தழித்த கறையும், அப்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளும் அவன் கண்ணில் மெல்ல ஒன்றாகச் சேர்வது அவளுக்கே தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் இருந்த அவன் கை கீழே இறங்கியது.

"காலைலயே தெரியுமா?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

"சின்னவனே!" மேலேயிருந்து அக்காவின் குரல். "சீக்கிரம் வாடா. கேட்டுக்கிட்டே இருக்கான்."

தையல்காரி சுவரோரமாக ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள்.

"போ தம்பி. காத்துக்கிட்டிருக்கார்."

அவன் ஏறினான். இப்போது ஒவ்வொரு படியாக. அவளைக் கடந்து போகும்போது, வாசற்படி தாண்டினாலே 'வரேன் அண்ணி' என்று சொல்கிறவன், ஒன்றும் சொல்லவில்லை.